தலைவர் வீட்டுப் புழு

எங்கள் தெருவில் டெங்கு ஒழிப்புக் குழுவுக்கு நான்தான் தலைவர். எங்கள் தெருவில் முதன்முதலாகக் கொசுப்புழு அகப்பட்ட வீடும் என்னுடையதுதான். இந்த இரண்டு பெருமையும் ஒரே ஆளுக்கு வாய்த்தது தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவதுதான் முதலில் நடந்தது. அது நடந்ததால்தான் முதலாவது நடந்தது.

நான் ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கோப்புகளை மேசையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நகர்த்திவிட்டு ஓய்வுபெற்றவன். சென்னையின் தென்கோடியில், ஒரு காலத்தில் ஏரியாக இருந்து பிறகு ‘நகர்’ ஆகிவிட்ட ஓர் இடத்தில் சொந்த வீடு. மழைக்காலத்தில் மட்டும் நகர் தன் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடும். எங்கள் தெருவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கதவு எண்தான். நான் பத்தாம் நம்பர்.

விழிப்புணர்வு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. 2003-இல், தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக மொட்டைமாடியிலிருந்து குழாய் இறக்கியவன் நான். குழாய் இறங்கிவிட்டது, அது இறங்கும் இடத்தில் குழி தோண்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் குழாய் மாடி மழைநீரை ஒரு சொட்டு விடாமல் சேகரித்து, பதினொன்றாம் நம்பர் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

2019 ஜனவரி 1-ஆம் தேதி ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. மனதார வரவேற்றேன். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தபோது கண் கலங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் இப்போது நாற்பத்திரண்டு மஞ்சப்பைகள் இருக்கின்றன, எல்லாம் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்தவை. ஒரே ஒரு சிக்கல்தான். நான் கடையில் இருக்கும்போது அவை வீட்டில் இருக்கின்றன.

“உங்களுக்கு விழிப்புணர்வெல்லாம் ஜாஸ்திதான். கை, கால்தான் கொஞ்சம் கம்மி” என்பாள் என் மனைவி. அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கும்.

நான் சொல்லவந்த கதை ஒரு ஜூலை மாதத்தில் தொடங்குகிறது. மே 16 தேசிய டெங்கு தினம். ஜூலை, டெங்கு எதிர்ப்பு மாதம். மழைக்கு முன்பே வீடுகளைச் சுத்தப்படுத்திவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் காய்ச்சல் குறையும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். என் வீட்டைச் சேர்க்காமல் போட்டிருந்தால் விடையும் சரியாக வந்திருக்கும்.

வாரம் ஒரு தடவை எங்கள் தெருவுக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் வருவார். தோளில் பை, கையில் டார்ச் லைட், ஒரு கரண்டி, பாட்டிலில் அபேட் மருந்து. வீட்டுக்கு வீடு நுழைந்து தேங்கிய தண்ணீரில் புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இரண்டு வருஷமாக அவருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அவர் கேட்டுக்கு வெளியே நின்று “சார்!” என்பார். நான் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்காமல், “இங்கே ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சுத்தமா இருக்கு” என்பேன். அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். அங்கேயும் இதே பதில். எங்கள் தெரு சுத்தமாக இருக்கிறது என்ற நற்செய்தியை முப்பது வாய்களிலிருந்து கேட்டுக்கொண்டு, ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைக்காமல், வெயிலோடு திரும்பிப் போவார்.

அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பலவீனமான பத்து நிமிஷத்தில் என் மனைவி கேட்டைத் திறந்துவிட்டாள். அதோடு விட்டாளா? “வாம்மா, முதல்ல மோர் குடி” என்று உட்காரவும் வைத்துவிட்டாள். நான் துண்டோடு வெளியே வந்தபோது அந்தப் பெண் கூடத்தில் நின்றுகொண்டு, “ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாக்கலாமா சார்?” என்று கேட்டார்.

“தாராளமா பாரும்மா. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி என்ன சமுத்திரமா இருக்கு?”

சமுத்திரம்தான் இருந்தது, சின்ன அளவில். ஃப்ரிட்ஜுக்குள் உருகும் பனி வடிந்து சேர்வதற்காகப் பின்புறம் அடியில் ஒரு தட்டு இருக்கிறது என்பதே ஒன்பது வருஷமாக அந்த ஃப்ரிட்ஜின் உரிமையாளனாக இருந்த எனக்குத் தெரியாது. கொசுவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் டார்ச் அடித்தார். தண்ணீரில் ஏழெட்டுப் பேர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் உடம்பை வளைத்து வளைத்து அடியில் போய் ஒளிந்தார்கள். மூச்சு வாங்கத் திரும்ப மேலே வந்து சிரசாசனம். எங்கள் வீட்டில் யோகாசனம் செய்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

“இது ஏடிஸ் சார். டெங்குக் கொசு. இது சாக்கடையில வளராது. நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வினாடி எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வேறு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

அடுத்த வினாடி சுதாரித்துக்கொண்டு என் வழக்கமான ஆயுதத்தை எடுத்தேன். எங்கள் தெருமுனையில் திறந்த கால்வாய் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பதினோரு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மனு எழுதுவதில் எனக்கு நிகர் நான்தான். முதல் பத்தியில் வணக்கம், இரண்டாம் பத்தியில் வருத்தம், மூன்றாம் பத்தியில் எச்சரிக்கை. “கொசுவெல்லாம் அந்தக் கால்வாயிலிருந்துதாம்மா வருது” என்றேன்.

“அது வேற கொசு சார். கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணியில வளரும், ராத்திரியில கடிக்கும். இது பகல்ல கடிக்கும். காலையிலயும் சாயங்காலமும் ஜாஸ்தி.”

“ஏன்மா, பகல்லயும் கடிக்குதா?” என்று கேட்டு, என் மத்தியானத் தூக்கத்தை நினைத்துக்கொண்டேன். இரவெல்லாம் வலை கட்டி, சுருள் கொளுத்தி, மட்டை வைத்து அடித்து, அசல் விழிப்போடு காவல் காத்தவன் நான். பகைவர் வரும் நேரத்தில்தான் ஈஸிசேரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

“அதுவும் ரொம்ப தூரம் பறக்காது சார். பொறந்த இடத்துலேருந்து நாலு வீடு, அஞ்சு வீடு, அதிகம் போனா சில நூறு மீட்டர். உங்களைக் கடிக்கிறது இந்தத் தெருவிலதான் பொறந்திருக்கும்.”

அதாவது வெளியூர் ஆள் இல்லை, உள்ளூர்க்காரி. (கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டைக்கு ரத்தம் வேண்டும். ஆண் கொசு என்னைப் போல வெறுமனே சுற்றிவிட்டுப் போவதுதான்.) பதினோரு வருஷமாகக் கால்வாயின் மேல் போட்ட வழக்கில் குற்றவாளி என் வீட்டிலேயே பிறந்து, என் ரத்தத்திலேயே வளர்ந்து வந்திருக்கிறாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காததுதான் பாக்கி.

அதற்குப் பிறகு நடந்தது சோதனை என்று சொல்ல முடியாது, சுற்றுலா. நான் பார்த்திராத இடங்களை எல்லாம் என் வீட்டில் எனக்கு அந்தப் பெண் காட்டினார். கொல்லையில் என் மாமியார் காலத்து ஆட்டுக்கல். மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு ஓய்வுபெற்று, குழியில் மழைத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. அதில் இருந்தது. தேங்காய் ஓடு, அதில் இருந்தது. ‘எப்போதாவது உதவும்’ என்று நான் வைத்திருந்த ஸ்கூட்டர் டயர், அது உதவிக்கொண்டுதான் இருந்தது, கொசுவுக்கு. கடைசியாக மாடி. அங்கே ஆறு டிரம்கள்.

அந்த டிரம்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, லாரி வருகிற சத்தத்துக்கு மனிதர்கள் குடத்தோடு ஓடிய காலத்தில் வாங்கியவை. அந்த வருஷக் கடைசியில் மழை வந்தது. ஆனால் பயம் போகவில்லை. வருஷா வருஷம் நிரப்பி வைத்தேன். பஞ்சத்தில் வாங்கிய பாத்திரம் வெள்ளத்திலும் நிரம்பியே இருந்தது. தண்ணீர் ஒழுங்காக வராத ஊரில் ஜனங்கள் தண்ணீரைச் சேர்த்து வைப்பார்கள், சேர்த்து வைத்த தண்ணீரைத் தேடி இந்தக் கொசு வரும் என்பது பிறகு தெரிந்தது. காவிரி வராவிட்டாலும் ஏடிஸ் வந்துவிடும்.

ஆறு டிரம்மில் நாலில் இருந்தது. அந்தப் பெண் தன் நோட்டில் எழுதிக்கொண்டே போனார். ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் திருப்பியபோது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

“சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம் சார். முதல் தடவைங்கறதால சொல்லிட்டுப் போறேன்” என்றார். எந்தச் சட்டம் என்று பார்த்தேன், பழைய பழக்கம். 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம். நான் பிறப்பதற்கு முன்பே எனக்காக ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் செய்தி கொசுவைவிடத் தூரம் பறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். சங்கத் தலைவர் பதினேழாம் நம்பர், ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். எதையும் அட்டவணை போட்டுச் செய்கிறவர்; அட்டவணை போட்டு முடித்ததும் செய்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறவர். “டெங்கு விழிப்புணர்வு இயக்கம் ஒன்று நடத்தணும். அதுக்கு ஒரு குழு. குழுவுக்குத் தலைவரா அனுபவசாலி ஒருத்தர் வேணும்” என்றார். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். புழு வளர்த்த அனுபவம் அன்றைய தேதியில் அதிகாரபூர்வமாக எனக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் வீட்டில் கேட் திறக்கப்படவில்லை.

நானும் ஏற்றுக்கொண்டேன். களங்கத்தைத் துடைக்க வேண்டுமென்றால் நம் நாட்டில் இரண்டு வழி: ஒன்று, தவறைத் திருத்திக்கொள்வது. இன்னொன்று, அது சம்பந்தமான குழுவுக்குத் தலைவராகிவிடுவது. இரண்டாவது சுலபம்.

முதலில் நோட்டீஸ். தெருவில் வீட்டுக்கு வீடு கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம். என் எழுத்துத் திறமைக்கு வாய்ப்பு. மேலே சங்கத்தின் பெயர், பதிவு எண். அதன் கீழே ‘முன்னிலை’, ‘தலைமை’, ‘வரவேற்புரை’, ‘வாழ்த்துரை’, ‘நன்றியுரை’. ஒருவர் பெயரை விட்டால் மார்கழி பஜனைக்கு நன்கொடை நின்றுவிடும். ஆக மொத்தம் பதினெட்டுப் பெயர். அச்சகத்தில் ‘இடம் போதாது, ஏதாவது எடுக்கணும்’ என்றார்கள். பெயர்களை எடுக்க முடியாது. எனவே ‘வாரம் ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரங்களைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி உலரவிடவும்’ என்ற ஒரு வரியை எடுத்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அந்த நோட்டீஸில் விஷயம் என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

அடுத்து பேனர். பத்தடிக்கு எட்டடி. நடுவில் பெரிய கொசுவின் படம், கால்களில் வெள்ளை வளையங்களோடு. அதைச் சுற்றி நிர்வாகிகளின் முகங்கள். ‘ஒழிப்போம்! ஒழிப்போம்!’ என்ற எழுத்துக்கு மிக அருகில் என் படம் அமைந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் என்னைத்தான் ஒழிக்கச் சொல்வதுபோல இருந்தது. எங்கள் வீட்டில் அதை மறுக்கவில்லை.

பேரணி ஞாயிறு காலை ஆறரைக்கு. மொத்தம் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் வழக்கமாக நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள். நாங்கள் அவர்களோடு போனோமா, அவர்கள் எங்களோடு வந்தார்களா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. “தேங்கிய நீரை” என்று நான் கத்த, “அகற்றுவோம்” என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நம்பர் மாமி மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, “தண்ணி லாரி வந்திருக்கா?” என்று குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவந்ததுதான் பேரணிக்குக் கிடைத்த பொதுமக்கள் ஆதரவு.

சாயங்காலம் காலிமனையில் கூட்டம். மேடை, மைக், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, சுண்டல், டீ. சிறப்புரை நான். மூன்று நாள் படித்துத் தயார்செய்திருந்தேன். 1881-இலேயே கியூபா நாட்டு டாக்டர் கார்லோஸ் ஃபின்லே, மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று சொன்னார்; அவர் கைகாட்டியது இதே ஏடிஸ் எஜிப்தி. பல வருஷம் யாரும் நம்பவில்லை. 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமியை அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். அந்த நாள்தான் உலகக் கொசு தினம். டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைக்குத்தான் எதிர்ப்பு. இரண்டாம் தடவை வேறு வகை வந்தால் கடுமையாகும் அபாயம் உண்டு. ‘எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே’ என்று மார்தட்ட வேண்டாம். இப்படி நாற்பது நிமிஷம்.

நடுநடுவே நல்ல கைதட்டல். உற்சாகத்தில் இன்னும் பத்து நிமிஷம் நீட்டினேன். வீடு திரும்பும்போது மனைவியிடம், “எத்தனை கைதட்டல் பாத்தியா?” என்றேன்.

“எண்ணினேன். இருபத்தாறு. அதுல மூணு உங்களுக்கு” என்றாள். சாயங்காலம் ஐந்தரை மணி. கொசுவுக்கு அது வேலை நேரம் என்பதை நானே மேடையில் சொல்லியிருந்தேன்.

கூட்டத்தின் முடிவில் கேள்வி நேரம். எல்லாருக்கும் ஒரே கேள்வி: “புகை எப்போ அடிப்பாங்க?” புகை என்றால் எங்கள் தெருவுக்கு உயிர். இரைச்சலோடு மிஷின் வந்து தெரு முழுக்க வெள்ளையாக மறைந்தால்தான் ஏதோ வேலை நடந்ததாகத் திருப்தி. (மிஷின் வரும்போது வாசற்கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு கொசுவோடு உள்ளே உட்கார்ந்திருப்போம் என்பது வேறு விஷயம்.) கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அந்தப் பணியாளர்தான் பதில் சொன்னார். மைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. “புகை பறக்கிற கொசுவை மட்டுந்தாங்க கொல்லும். தண்ணியில இருக்கிற புழு அப்படியே இருக்கும். முட்டையிலேருந்து கொசு ஆக ஏழுலேருந்து பத்து நாள் போதும். அதான் வாரம் ஒரு நாள் காயப்போடச் சொல்றோம்.” நான் ஐம்பது நிமிஷத்தில் சொன்னதைவிட அந்த அரை நிமிஷத்தில் விஷயம் அதிகம். ஆனால் அதற்குள் டீ வந்துவிட்டது.

டீ குடித்தோம். கப்புகளை மேடைக்குப் பின்னால் போட்டோம். சுண்டல் தொன்னைகளையும் போட்டோம். ஃப்ளெக்ஸ் பேனரை வீணாக்க மனமில்லாமல் நான் வீட்டுக்கு எடுத்துவந்து மாடியில் டிரம்களின் மேல் மூடினேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: பேனருக்கு மறுபயன்பாடு, டிரம்முக்கு மூடி. அன்று இரவு நல்ல மழை.

பதினோராம் நாள் அந்தப் பெண் வந்தார். “சார், உங்க மீட்டிங் நடந்த இடத்துல...” என்று தயங்கினார். போய்ப் பார்த்தோம். நிமிர்ந்து விழுந்த டீ கப்பிலெல்லாம் மழைத்தண்ணீர். அநேகமாக ஒவ்வொன்றிலும் மாணவர்கள் சிரசாசனத்தில். இவ்வளவு பேர் எங்கள் பேரணிக்கு வந்திருந்தால் பத்திரிகையில் போட்டிருப்பார்கள்.

பிறகு எங்கள் மாடி. ஃப்ளெக்ஸ் நடுவில் தொய்ந்து, மடிப்புகளில் தண்ணீர் நின்றது. அவர் குனிந்து டார்ச் அடித்தார். தண்ணீர் தேங்கியிருந்தது சரியாக என் படத்தில். இளமையில் எடுத்த போட்டோ என்பதால் கொஞ்சம் சிரித்திருந்தேன். அந்தச் சிரிப்புக்கு மேலே நாலைந்து புழுக்கள் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. ‘ஒழிப்போம்’ என்ற சொல்லின் ‘ழி’யைச் சுற்றி இன்னும் இரண்டு.

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவிகூட. கேலி செய்ய எதுவும் மிச்சமில்லாத அளவுக்குக் காட்சி பூரணமாக இருந்தது.

இதோடு கதை நின்றிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். மறுவாரம் பதினேழாம் நம்பர் வீட்டுப் பேத்திக்குக் காய்ச்சல். இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். பரிசோதனையில் டெங்கு. இதற்கென்று தனி மருந்து கிடையாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஓய்வு, தண்ணீர், கஞ்சி, இளநீர் என்று நீர் ஆகாரம், டாக்டர் கண்காணிப்பு. ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி வலி மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரண்டு நாள்தான் அதிகம் கவனிக்க வேண்டிய நாள் என்றார்களாம். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, வாடிய கீரைத் தண்டு மாதிரி திரும்பி வந்தாள்.

பதினேழாம் நம்பர் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. எந்தக் கொசு, யார் வீட்டுக் கொசு என்று யாரால் சொல்ல முடியும்? அவர் வீட்டுக்கும் என் மாடிக்கும் அறுபது தப்படி. அந்தக் கொசு எவ்வளவு தூரம் பறக்கும் என்பதை ஐம்பது நிமிஷம் மைக்கில் படித்தவன் நான். கணக்குப் போடப் பிடிக்காமல் அந்த வாரம் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. 1995-இல் போலியோ சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியபோது எங்கள் பையனுக்கு இரண்டு வயது. டி.வி.யில் விளம்பரம் வந்தால் சத்தம் கூட்டி வைத்து, “எப்படிப்பட்ட திட்டம்!” என்று வியந்தேன். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று சொட்டு மருந்து போட்டுவந்தது என் மனைவி. அப்புறம் வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்தார்கள். சுவரில் சாக்பீஸால் குறி போட்டார்கள். பூட்டியிருந்த வீட்டுக்கு மறுபடியும் வந்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் கடைசி. 2014 மார்ச் 27-ஆம் தேதி நம் நாட்டையும் சேர்த்து இந்தப் பிராந்தியமே போலியோ இல்லாதது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அன்றும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, “சாதிச்சுட்டோம்!” என்றேன். நான் சாதித்தது சத்தம் கூட்டியது. அவர்கள் கதவைத் தட்டினார்கள், இவளை மாதிரி ஆயிரமாயிரம் பேர் கதவைத் திறந்தார்கள். நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

அடுத்த முறை அந்தப் பணியாளர் வந்தபோது நானே போய்க் கேட்டைத் திறந்தேன். அவர் ஒரு கணம் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நம்பரைப் பார்த்தார். “என்ன செய்யணும்னு சொல்லும்மா. சுருக்கமா சொல்லு. நான் ஏற்கெனவே நிறைய பேசிட்டேன்” என்றேன்.

“தேய்க்கணும் சார்.”

“கவுத்துட்டா போதாதா?”

“போதாது சார். முட்டை தண்ணியில மிதக்காது. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சுவர்ல ஒட்டிக்கிட்டிருக்கும். காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உசிரோட இருக்கும். திரும்பத் தண்ணி ஊத்தினா பொரிஞ்சிடும். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்கணும்.”

அறுபது வயதுவரை நான் உலகத்தில் எதையும் அழுத்தித் தேய்த்தது கிடையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்த்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது; டிரம்முக்குள்ளிருந்து வந்த என் குரல், மேடையில் மைக்கில் வந்ததைவிடக் கம்பீரமாக இருந்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். ஆறு டிரம்மில் நாலைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்தேன். இரண்டுக்கு என் பழைய வேட்டியைக் கிழித்து வாய் கட்டினேன். ஆட்டுக்கல் குழியில் மணல் நிரப்பினேன். டயரை விட்டுக் கொடுத்தபோது மட்டும் மனசு கொஞ்சம் வலித்தது. காலிமனைக் கப்புகளைப் பதினேழாம் நம்பரும் நானும் கோணிப்பையில் பொறுக்கினோம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாதியில் அவர், “அடுத்த கூட்டத்துக்கு எவர்சில்வர் டம்ளர்” என்றார். நான், “அடுத்த கூட்டம் வேண்டாம்” என்றேன். முதன்முறையாக எங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இப்போது எங்கள் தெருவில் பேரணி கிடையாது. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் எல்லா வீட்டிலும் தேய்க்கிற சத்தம் கேட்கும். எல்லா வீட்டிலும் என்றா சொன்னேன்? மாற்றிக்கொள்கிறேன், முப்பதில் இருபத்தொரு வீட்டில். மிச்சம் ஒன்பது வீட்டுக்காரர்களிடம் நான் பேசிப் பார்க்கவில்லை. என் மனைவி போய், “எங்க வீட்டுக்காரரே தேய்க்கிறார்” என்று சொல்லிவிட்டு வருகிறாள். அது வேலை செய்கிறது. நான் தேய்ப்பதைப் பார்க்கவே சிலர் வந்து நிற்கிறார்கள்.

அந்தப் பணியாளர் வரும்போது மோர் தயாராக இருக்கும். மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். வாரா வாரம் பார்த்துவிட்டு அதில் தேதி போட்டு எழுதுவார். சென்ற வாரம் மாடி, கொல்லை, ஃப்ரிட்ஜ் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, ‘புழு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொடர்ந்து எட்டாவது வாரம். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ பேருடைய மனுவில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் எனக்கு ‘இல்லை’ என்று எழுதி, அதைப் படித்து நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எட்டு வாரமும் ஒன்றுவிடாமல் நானே தேய்த்தேனே என்று மனைவியைப் பார்த்தேன்.

“ஃப்ரிட்ஜ் தட்டை எப்போ கழுவினீங்க?” என்றாள்.

யோசித்தேன். ஃப்ரிட்ஜ் தட்டு!

“எட்டு வாரமா நான்தான் கழுவறேன்” என்று சொல்லிவிட்டு, மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.